நாட்டுப்படகுக்காரர் கையில இருக்குற போனுக்கு ஒரு வலைப்பக்கம்: எந்த டூல், அடுத்து என்ன படிக்கணும்?

மண்டபம்கரை எழுதியது:

மண்டபம், பாம்பன் பக்கம் ஒரு நாட்டுப்படகு சங்கத்துக்கு வலைப்பக்கம் செய்யணும். மூணு விஷயம் அதுல தெரியணும். வடகடல் (பாக் விரிகுடா), தென்கடல் (மன்னார் வளைகுடா) ரெண்டுக்கும் தனித்தனியா காற்று, அலை நிலவரம். இன்னைக்கு விசைப்படகு நாளா நாட்டுப்படகு நாளா, பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியிருக்காங்களா. அப்புறம் காலை ஏல விலை. அதை ஏலக்கூடத்துல நிக்கிறவர் தன் போன்லயே ஏத்துவார்.

ரியாக்ட் 19 (திரையைக் கட்டுற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்), வீட் 7 (கோடை பிரவுசருக்குத் தயார் பண்ற பில்ட் டூல்), டெயில்விண்ட் 4 (தோற்றத்துக்கான சிஎஸ்எஸ் ஃப்ரேம்வொர்க்), கூகுள் ஃபாண்ட்ஸ்ல இருந்து ஒரு தமிழ் எழுத்துரு. இதுதான் திட்டம். லேப்டாப்ல லைட்ஹவுஸ் (குரோம்ல இருக்குற பக்கச் சோதனைக் கருவி) முழுசும் பச்சையா காட்டுது. இதுல எங்க அடி விழும்னு அனுபவப்பட்டவங்க சொல்லணும். கூடவே இன்னொரு கேள்வி: ஃப்ரண்ட்எண்ட் வேலையில நீடிக்கணும்னா அடுத்து படிக்க வேண்டியது ரியாக்ட் மேல கட்டின நெக்ஸ்ட்ஜேஎஸ் தானா?

கீழக்கரைகாக்கா எழுதியது:

தம்பி, டூல் பேரை எழுதுறதுக்கு முன்னாடி எந்த போன்ல ஓடப்போகுதுன்னு எழுதி வைங்க. உப்புத்தண்ணி படுற இடத்துக்கு யாரும் புது போனை எடுத்துட்டுப் போக மாட்டாங்க, பழசுதான் போகும். அந்தப் பழசுல குரோம் எங்க நிக்குதுங்கறதை ஆண்ட்ராய்டு பதிப்பு முடிவு பண்ணுது. ஆண்ட்ராய்டு 6-க்கு குரோம் 106 தான் கடைசி. 7-க்கு 119. 8, 9 ரெண்டுக்கும் 138. அதுக்கு மேல ப்ளே ஸ்டோர் எதுவும் தராது.

இப்ப உங்க பட்டியலைப் பாருங்க. டெயில்விண்ட் 4-க்கு குறைஞ்சது குரோம் 111 வேணும்னு அவங்க ஆவணத்துலயே போட்டிருக்கு. அதோட நிறப் பட்டியல் முழுக்க ஓகேஎல்சிஎச்ங்கற புது நிறக் குறிப்பு முறையில இருக்கு, 111-க்கு முந்தின குரோமுக்கு அது தெரியாது. 106-ல பக்கம் மொத்தமா விழுந்தா கூட யாராவது போன் பண்ணிச் சொல்லிடுவாங்க. ஆனா அப்படி விழாது. நீலப் பின்னணி மேல வெள்ளை எழுத்துன்னு ஒரு பட்டன் வச்சிருப்பீங்க. நீலம் ஒரு சிஎஸ்எஸ் மாறி வழியா வருது. அந்த மதிப்பு பிரவுசருக்குப் புரியாததால பின்னணி ட்ரான்ஸ்பரன்ட் ஆயிடும். வெள்ளைப் பக்கத்து மேல வெள்ளை எழுத்து. பட்டன் அங்கதான் இருக்கு, தொட்டா வேலையும் செய்யும், கண்ணுக்கு மட்டும் தெரியாது. கன்சோல்ல ஒரு எரர் கூட வராது.

வீட் 7-லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. முன்னாடி அதோட இயல்பான பில்ட் டார்கெட் (எந்தப் பழைய பிரவுசர் வரை ஓடணும்ங்கற வரம்பு) குரோம் 87-ல இருந்து ஆரம்பிச்சது, 7-ல அது 107 ஆயிடுச்சு. ஆண்ட்ராய்டு 6 போன் ஒரே ஒரு படி கீழ நின்னுடுது. கான்ஃபிக்ல பில்ட் டார்கெட்டை நீங்களே கீழ இறக்கி எழுதணும். அதுவும் மொழியோட இலக்கணத்தை மட்டும்தான் பழசுக்கு மாத்திக் கொடுக்கும். பிரவுசர்ல இல்லாத ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டா, வீட் அதைக் கொண்டுவந்து தராது.

லைட்ஹவுஸ் பச்சையை நம்பாதீங்க. மொபைல் சோதனையில அது 1.6 எம்பிபிஎஸ் வேகம், 150 மில்லிசெகண்ட் தாமதம்னு வச்சு, உங்க மெஷினோட சிபியூவை 4 மடங்கு மெதுவாக்குது. நல்ல லேப்டாப்பை 4-ஆல வகுத்தாலும் பழைய போனை விட வேகமாத்தான் இருக்கும். உண்மையான போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டுங்க. செட்டிங்ஸ்ல பில்ட் நம்பரை 7 தடவை தொட்டா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதுல யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணிட்டு, லேப்டாப் குரோம்ல இன்ஸ்பெக்ட் பக்கத்தைத் திறந்தா போன்ல ஓடுற பக்கத்தை அப்படியே ப்ரொஃபைல் (எந்த வேலை எவ்வளவு நேரம் எடுக்குதுங்கற பதிவு) எடுக்கலாம். கேபிள் சார்ஜ் மட்டும் ஏத்துற வகையா இருந்தா போன் பட்டியல்ல வராது, அதை முதல்ல பாருங்க.

ஏர்வாடிகோடர் எழுதியது:

> டூல் பேரை எழுதுறதுக்கு முன்னாடி எந்த போன்ல ஓடப்போகுதுன்னு எழுதி வைங்க

டெயில்விண்ட் விஷயத்துல காக்கா சொல்றது முழுக்க சரி. 3.4-லயே இருங்க, இல்லன்னா கையால எழுதுங்க. இந்த அளவு பக்கத்துக்கு 300 வரி சிஎஸ்எஸ் தாராளம். ஆனா ரியாக்டையே தூக்கிப் போட்டுடாதீங்க. விலை ஏத்துற திரையில மீன் வகை, அளவு, அலகு, பழைய விலை, இன்னும் அனுப்பாம நிக்கிற பதிவுகள்னு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னி இருக்கு. அதை வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதுனா ரெண்டாவது மாற்றத்துலயே கோடு சிக்கலாயிடும். கனம்தான் பிரச்சினைன்னா ரியாக்ட் மாதிரியே எழுதற ப்ரியாக்ட் 4 கேபி அளவுலதான் இருக்கு, ரியாக்டோட ஹூக்ஸும் அப்படியே எழுதலாம்.

கீழக்கரைகாக்கா எழுதியது:

ஒத்துக்கறேன். அப்ப ரெண்டா பிரிச்சுடுங்க. பார்க்குற பக்கம் ஆயிரம் பேருக்கு, ஏத்துற பக்கம் ரெண்டு மூணு பேருக்கு. பார்க்குற பக்கம் சர்வர்லயே முழுசா எச்டிஎம்எல்லா தயாராகி வரணும்; ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரி ஓடலைன்னாலும் காற்று வேகமும் கூண்டு எண்ணும் தெரியணும். புது இணைப்புல சர்வர் முதல் சுற்றுல சுமார் 14 கேபிதான் அனுப்பும், அதுக்கு மேல உள்ளது அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கணும். எச்டிஎம்எல், முக்கியமான சிஎஸ்எஸ் ரெண்டையும் சுருக்கி அந்த 14-க்குள்ள அடக்கிப் பாருங்க. யூடிஎஃப்-8-ல தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட்டுன்னு பயப்பட வேண்டாம். முதல் பைட்டு எப்பவும் ஒண்ணேதான், ரெண்டாவதும் ரெண்டே மதிப்புக்குள்ளதான் மாறும், ப்ராட்லிங்கற சுருக்குமுறை அதை நல்லா நசுக்கிடும். ஏத்துற பக்கம் தனி முகவரியில, ப்ரியாக்டோ ரியாக்டோ உங்க இஷ்டம்.

தொண்டிவாடை எழுதியது:

தமிழ் எழுத்து பற்றி யாரும் பேசவில்லை. இந்த வேலையில் பாதி உழைப்பு அங்கேதான் போகும்.

எழுத்துருவை இறக்கவே வேண்டாம். ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. ஃபாண்ட் ஃபேமிலியில் சிஸ்டம் எழுத்துரு என்று விட்டால் ஒரு பைட்டும் செலவில்லை. தலைப்புக்கு மட்டும் வேறு எழுத்துரு வேண்டும் என்று சங்கத்தார் கேட்டால் ஃபாண்ட்டூல்ஸில் உள்ள சப்செட் கருவியால் தமிழ் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். அதில் லேஅவுட் ஃபீச்சர்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லும் விருப்பத்தைக் கட்டாயம் கொடுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் சில வெட்டுக் கருவிகள் ஜிசப் அட்டவணையை (எழுத்தும் குறியும் சேர்ந்தால் எந்த வடிவம் என்று சொல்வது) தூக்கி விடுகின்றன. பிறகு கு, மு, ழு எல்லாம் உடைந்து, உகரக் குறி தனியாக ஓர் ஓரத்தில் நிற்கும். வெட்டிய பின் முதல் வேலையாக உகர, ஊகார வரிசை இரண்டையும் ஒரு பக்கத்தில் அச்சடித்துப் பாருங்கள்.

வரி உயரம் 1.2 என்று ஆங்கிலப் பக்கத்துக்கு வைத்ததை அப்படியே வைத்தால் மேலே புள்ளியும் கீழே உகர வளைவும் அடுத்த வரியில் இடிக்கும். ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்ட பெட்டியில் புள்ளியே வெட்டுப்படும். 1.6-இல் தொடங்குங்கள். பட்டனுக்கு அகலம் நிர்ணயிக்காதீர்கள். பேடிங் கொடுத்துக் குறைந்தபட்ச அகலம் மட்டும் வையுங்கள். ‘இராமேஸ்வரத்திலிருந்து’ போன்ற ஒரு சொல் ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் வந்தால் பக்கமே பக்கவாட்டில் நகரும். சொல்லை உடைக்கும் ஓவர்ஃப்ளோ-ரேப்புக்கு பிரேக்-வேர்ட் போட்டால் அங்கே நிற்காது, எனிவேர் போட்டால்தான் குறைந்தபட்ச அகலக் கணக்கிலும் அது சேரும்.

தேடல் பெட்டியில் வருவது இதைவிட நுட்பமான சிக்கல். ‘கொ’ என்பது க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் வரலாம். எகரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கோடில் இரண்டும் சமம் அல்ல. ‘கொடுவா’ என்று தேடினால் விலைப் பட்டியலில் அது இருந்தாலும் வராது. சேமிக்கும் இடம், தேடும் இடம் இரண்டிலும் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) ஓட்டினால் இது தீரும். ஆனால் ஔகாரத்தில் ஒரு பொறி மிச்சம் இருக்கிறது. பலர் ‘கௌ’ என்பதை கெ போட்டுப் பக்கத்தில் ‘ள’ எழுத்தைத் தட்டி ‘கெள’ என்று எழுதுகிறார்கள். அது வேறு எழுத்து என்பதால் என்எஃப்சி தொடாது. தேடலுக்கு மட்டும் ஒரு தனிச் சாவி செய்து, அதில் இரண்டையும் ஒரே வடிவமாக மாற்றி ஒப்பிடுங்கள். காட்டுவதற்கு மூலத்தையே காட்டுங்கள். அதே சாவியில் மீன்களின் வட்டாரப் பெயர்களையும் இணைத்து விடுங்கள்: மத்தி என்று தேடினாலும் சாளை என்று தேடினாலும் ஒரே வரி வரவேண்டும்.

அகர வரிசை: ஜாவாஸ்கிரிப்டின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான சார்ட்டை மட்டும் போட்டால் ‘கடல்’ முன்னால் வந்து ‘கட்டா’ பின்னால் போகும். புள்ளி யூனிகோடில் மெய்களுக்கெல்லாம் பின்னால் இருப்பதே காரணம். நம் அகராதி வரிசையில் மெய் முதலில், உயிர்மெய் பிறகு, ஆகவே ‘கட்டா’ முதலில் வரவேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் மொழிவாரி வரிசைக்கென உள்ள இன்டல் காலேட்டரைத் தமிழுக்கு அமைத்து ஒப்பிட்டால் சரியாக வரும். ல, வ, ழ, ள, ற, ன வரிசையும் அதில் ஒழுங்காகும்.

பெட்டிக்கு மேக்ஸ்லெங்த் (எழுத்து வரம்பு) போடும்போது கவனம். ‘இராமநாதபுரம்’ நம் கண்ணுக்கு 8 எழுத்து, பிரவுசருக்கு 12. பெயர்ப் பெட்டிக்கு 20 என்று வரம்பு வைத்தால் ஆங்கிலப் பெயர் நுழையும், தமிழ்ப் பெயர் பாதியில் நிற்கும். எழுத்தாக எண்ண வேண்டுமானால் இன்டல் செக்மென்டர் இருக்கிறது. அதிலும் ‘க்ஷ’ இரண்டாகத்தான் எண்ணப்படும்.

மண்டபம்கரை எழுதியது:

நார்மலைஸ் பத்தி கேள்விப்பட்டதே இல்ல, நன்றி அண்ணே. அடுத்து சிக்னல். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டேட்டா போயிடும். சர்வீஸ் வொர்க்கர் (நெட் இல்லாதப்பவும் பக்கத்தைத் தர்ற பின்னணி ஸ்கிரிப்ட்) போட்டுட்டா போதுமா? ஆன்லைனா ஆஃப்லைனான்னு பிரவுசர் சொல்ற நேவிகேட்டர் ஆன்லைன் பார்த்து முடிவு பண்ணலாம்னு இருக்கேன்.

தங்கச்சிமடம்யூஐ எழுதியது:

நேவிகேட்டர் ஆன்லைன் ‘இல்லை’ன்னு சொன்னா நம்பலாம், ‘இருக்கு’ன்னு சொன்னா நம்பக் கூடாது தம்பி. டவரோட ஒட்டிக்கிட்டு இருந்தாலே அது இருக்குன்னு சொல்லிடும், பைட்டு ஒண்ணும் நகராது. தகவல் கேக்குற ஃபெட்ச் ஃபங்ஷனுக்குன்னு தனியா டைம்அவுட் கிடையாது, நீங்க வைக்கலைன்னா ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே நிக்கும். அபார்ட்கன்ட்ரோலர் வச்சு 4 செகண்டுல வெட்டி விடுங்க. வெட்டினதும் கேஷ்ல (போன்ல சேமிச்சு வச்ச நகல்ல) இருக்குறதைக் காட்டுங்க. எழுத்து, ஸ்டைல், படம் எல்லாம் கேஷ் முதல். நிலவரம் மட்டும் நெட்வொர்க் முதல்.

கேஷ் காட்டும்போது அது எப்ப எடுத்ததுன்னு தெரியலைன்னா, காட்டாம இருக்குறதே மேல். நேத்து சாயந்திரத்துக் காற்றைப் பார்த்துட்டு விடியக்காலம் ஒருத்தர் படகை இறக்கிடக் கூடாது. ரெண்டு நேரம் எழுதணும்: அறிவிப்பு வெளியான நேரம், இந்த போன் அதை எடுத்த நேரம். கடல் தகவல் மையமான இன்காய்ஸும் வானிலைத் துறையும் அறிவிப்புல வெளியிட்ட நேரம் போடுறாங்க, அதை அப்படியே கொண்டு வாங்க. முன்னறிவிப்போட காலம் முடிஞ்சுட்டா எண்ணையே எடுத்துட்டு ‘பழைய தகவல், கரையில கேளுங்க’ன்னு மட்டும் போடுங்க.

அந்த நேரத்தை எங்க வைக்கிறீங்கங்கறதும் முக்கியம். பக்கத்தோட அடியில ‘கடைசியாகப் புதுப்பித்தது’ன்னு வச்சா பிரயோஜனம் இல்ல. காற்று வேகப் பெட்டியை யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல போடுவாங்க, அது ரெண்டு நாள் சுத்தும். எண்ணும், கடலோட பேரும், தேதியும் ஒரே பெட்டிக்குள்ள, வெட்டவே முடியாத நெருக்கத்துல இருக்கணும். ‘தென்கடல், 45 கி.மீ., செவ்வாய் மாலை வெளியானது’ன்னு ஒரே கட்டமா எழுதுங்க.

அலகு கலந்துடாம பாருங்க. ஒரு மூலம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர்னு தரும், இன்னொண்ணு நாட்ல (மணிக்கு இத்தனை கடல் மைல்) தரும். 25 நாட்னா மணிக்கு 46 கிலோமீட்டர். அலகு இல்லாம 25-ஐக் காட்டினா மிதமான காற்றுன்னு நினைச்சுடுவாங்க. டேட்டாபேஸ்ல ஒரே அலகுல வச்சு, மாறியோட பேர்லயே அலகைச் சேருங்க. அம்புக்குறி வரையும்போது இன்னொரு தப்பு வரும்: காற்றோட டிகிரி அது எங்கிருந்து வருதுன்னு சொல்றது, நீரோட்டத்தோட டிகிரி எங்க போகுதுன்னு சொல்றது. ரெண்டுக்கும் அம்பைத் திருப்புற ரொட்டேட்டை ஒரே மாதிரி எழுதுனா ஒண்ணு தலைகீழா நிக்கும். அம்புக்குப் பக்கத்துல வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு எழுதிடுங்க. எந்த டிகிரியில இருந்து எது வரை எந்தப் பேர்னு சங்கத்துல கேட்டு எடுத்துக்குங்க.

வெயில்: வெள்ளை மேல #767676 சாம்பல் 4.54-க்கு 1 கான்ட்ராஸ்ட், விதிமுறைப்படி தேறிடும். படகு மேல நண்பகல்ல அது படிக்க வராது. #595959-ஐ விட வெளிறின எழுத்தே வேண்டாம், அதுதான் 7-க்கு 1. எச்சரிக்கையை சிவப்பால மட்டும் சொல்லாதீங்க, ‘கூண்டு எண் 3’னு எழுத்துல சொல்லுங்க.

ஈரக் கை: தண்ணி சொட்டு திரையில பட்டா தொடாத இடத்துல எல்லாம் தொட்டதாப் பதிவாகும். ஸ்வைப், லாங் ப்ரெஸ் ரெண்டும் வேண்டாம். பட்டன் 48 பிக்சல் உயரம், நடுவுல 8 இடைவெளி. விலைப் பெட்டிக்கு டைப் நம்பர் வைக்காம, டெக்ஸ்ட் வச்சு இன்புட்மோட் நியூமெரிக் கொடுங்க. 450 அடிக்கிறப்ப ஒரு பூஜ்யம் கூடி 4500 ஆகறது நடக்கும், முந்தின விலையைப் போல ரெண்டு மடங்கு தாண்டினா ஒரு தடவை கேட்டுட்டு ஏத்துங்க. கிலோவா பெட்டியாங்கறது விலையோடவே சேமிக்கணும். சிக்னல் இல்லாதப்ப ஏத்துனது பிரவுசருக்குள்ளயே இருக்குற இன்டெக்ஸ்டுடிபி டேட்டாபேஸ்ல வரிசையா நிக்கட்டும், ஒவ்வொண்ணுக்கும் போன்லயே ஒரு தனி அடையாள எண் கொடுத்து அனுப்புங்க. பதில் வராம அதே பதிவு ரெண்டாம் தடவை போனாலும் சர்வர் ஒண்ணாத்தான் எடுக்கும்.

ஏர்வாடிகோடர் எழுதியது:

அக்கா சொன்னதோட தேதிக் கணக்கையும் சேர்த்துக்குங்க, இதுல நிறைய பேர் விழறாங்க. விசைப்படகுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, 61 நாள். நியூ டேட்டுக்குள்ள ‘2026-04-15’னு மட்டும் எழுதுனா ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவுன்னு எடுக்கும். நம்ம நேரத்துக்கு அது காலை 5:30. நள்ளிரவுல இருந்து 5:30 வரை பக்கம் ‘தடை இல்லை’ன்னு காட்டும், ஜனங்க அதைப் பார்க்குறதே அந்த நேரத்துலதான். மணியையும் +05:30-ஐயும் சேர்த்து எழுதுங்க. சர்வர் யூடிசியில ஓடினா ‘இன்று’ங்கறதும் 5:30 வரைக்கும் நேத்தாவே இருக்கும், ஏசியா கொல்கத்தா டைம்ஸோன் கொடுத்துக் கணக்கிடுங்க.

விசைப்படகு நாள் திங்கள், புதன், சனின்னு கிழமையைச் சொல்ற கெட்டே ஃபங்ஷனை மட்டும் வச்சு எழுதிடாதீங்க. வேலைநிறுத்தம் வரும், காற்று கூடி டோக்கன் கொடுக்காம நிறுத்துவாங்க. வாரக் கணக்கு இயல்பா இருக்கட்டும், அதுக்கு மேல சங்கத்து ஆள் ஒரு நாளை மாத்திப் போட ஒரு வழி இருக்கணும்.

மண்டபம்கரை எழுதியது:

ஜிபிஎஸ் எடுத்து இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோடு நெருங்கினா சத்தம் போடற மாதிரி ஒரு வசதி வைக்க முடியுமான்னு சங்கத்துல கேக்குறாங்க.

கீழக்கரைகாக்கா எழுதியது:

வைக்காதீங்க தம்பி. 1974, 1976 ஒப்பந்தங்கள்படி போட்ட கோடு அது, தாண்டினா படகும் போகும் ஆளும் சிறைக்குப் போவார். அந்தப் பொறுப்பை பிரவுசர் தாங்காது. திரை அணைஞ்சா இடத்தைத் தொடர்ந்து பார்க்குற வாட்ச்பொசிஷன் நின்னுடும், பேட்டரி சேவர் வந்தாலும் நின்னுடும், நின்னதை யாருக்கும் சொல்லாது. டேட்டா இல்லாத இடத்துல முதல் இடம் கிடைக்கவே கூடுதல் நேரம் எடுக்கும். சத்தம் வரலைன்னா ‘எல்லைக்குள்ளதான் இருக்கோம்’னு நம்புவாங்க, ஆபத்தே அங்கதான். படகுல இருக்குற ஜிபிஎஸ் கருவிதான் அதுக்கு. முடியாதுன்னு சங்கத்துக்கு இந்தக் காரணங்களோட எழுத்துலயே கொடுத்துடுங்க.

ஏர்வாடிகோடர் எழுதியது:

ரெண்டாவது கேள்வி அப்படியே நிக்குது. நெக்ஸ்ட்ஜேஎஸ் படிங்க, மதுரை, கோயம்புத்தூர், சென்னை எங்க போனாலும் வேலை விளம்பரத்துல ரியாக்ட் இருக்கும், அதை மறுக்க முடியாது. ஆனா வரிசை முக்கியம். ரியாக்ட் திட்டம் தொடங்கித் தர்ற கிரியேட் ரியாக்ட் ஆப் டூலை 2025 பிப்ரவரியில அவங்களே கைவிட்டுட்டாங்க. அதை மட்டும் படிச்சவங்களுக்கு அதுக்கு மேல ஒண்ணுமில்ல. எச்டிடிபி கேஷ் தலைப்புகள், ஃபார்ம், ஃபோகஸ், சிஎஸ்எஸ் கிரிட், பெர்ஃபாமன்ஸ் பேனல் படிக்கிறது, இதெல்லாம் எந்த ஃப்ரேம்வொர்க் போனாலும் கூட வரும். இன்டர்வியூல ஐஎன்பி என்னன்னு கேப்பாங்க: தொட்டதுக்குப் பக்கம் எவ்வளவு சீக்கிரம் பதில் காட்டுதுங்கற அளவு, 2024 மார்ச்சுல எஃப்ஐடி-ங்கற பழைய அளவுக்குப் பதிலா வந்தது, 200 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நல்லது. எண்ணை மட்டும் சொன்னா பத்தாது. ஒரு தொடுகை ஏன் 600 எடுத்துச்சுன்னு ப்ரொஃபைல்ல காட்டி, அதைக் குறைச்சுக் காட்டணும். போர்ட்ஃபோலியோவுல டுடூ ஆப் வைக்கிறதுக்குப் பதிலா இந்தப் பக்கத்தை வைங்க, பழைய போன்ல எடுத்த முன், பின் ப்ரொஃபைலோட.

ஏஐ எழுதித் தர்ற கோடை எடுக்கலாம், ஆனா டெயில்விண்ட் 3, 4 ரெண்டோட எழுத்துமுறையும் கலந்து தரும், தேதியை மேல சொன்ன அதே தப்போட தரும். தப்பைக் கண்டுபிடிக்கிறது உங்க வேலை. சம்பளமும் அதுக்குத்தான்.

இந்த மாதிரி வேலைக்கு விலை சொல்றப்ப மூணாப் பிரிச்சு எழுதுங்க: கட்டித் தர்றது, ஒரு வருஷப் பராமரிப்பு, தகவல் ஏத்துறவருக்குப் பயிற்சி. டொமைன் சங்கத்துப் பேர்லயே பதியணும், உங்க பேர்ல வேண்டாம். பராமரிப்புக்குக் காசு வாங்காம விட்டா டொமைன் காலாவதியாகிற அன்னைக்குப் பக்கமும் போகும், உங்க பேரும் போகும்.

தங்கச்சிமடம்யூஐ எழுதியது:

வெளியிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. சர்வீஸ் வொர்க்கரோட முதல் பதிப்புலயே பின்வாங்குற வழியை யோசிச்சு வைங்க. புது பதிப்பு வந்தா பழசு திறந்திருக்குற டேப் எல்லாம் மூடுற வரை அது காத்திருக்கும். அவசரத்துக்கு அந்தக் காத்திருப்பைத் தாண்டற ஸ்கிப்வெய்ட்டிங் போட்டா பழைய பக்கம் புது கோடைத் தேடி, இல்லாத ஃபைலைக் கேட்டு வெள்ளைத் திரையில நிக்கும். அதனால முந்தின பில்டோட ஃபைல்களை சர்வர்ல உடனே அழிக்காதீங்க, குறைஞ்சது ஒரு மாசம் விட்டு வைங்க. சர்வீஸ் வொர்க்கர் ஃபைலோட பேரையும் இடத்தையும் எப்பவும் மாத்தாதீங்க. பேர் மாறினா, கேஷ்ல மாட்டின பழைய பக்கம் பழைய பேரையேதான் தேடிக்கிட்டு இருக்கும். ஏதாவது கெட்டுப் போனா அதே பேர்ல, கேஷை எல்லாம் அழிச்சுட்டு தன்னையே பதிவுநீக்கம் செய்யற ஒரு சின்ன ஃபைலைப் போடணும். அதை இப்பவே எழுதி, ஒரு பழைய போன்ல சோதிச்சு, ரெப்போவுல தனி ஃபோல்டர்ல வச்சுடுங்க.

மண்டபம்கரை எழுதியது:

டெயில்விண்டைத் தூக்கிட்டேன். பார்க்குற பக்கம் தனி, ஏத்துற பக்கம் ப்ரியாக்ட்ல. நேரம் போடற பெட்டியோட மாதிரியை நாளைக்கு இங்க ஏத்துறேன் அக்கா, வெயில்ல வச்சுப் பார்த்துச் சொல்லுங்க.